கீழே தூண் இல்லாமல் மாடியில் தூண் எழுப்பலாமா?

வணக்கம். மாடி வீட்டுக்கு பிளான் போட்டுக்கொண்டிருக்கிறோம். கார் நிறுத்தும் இடத்தில் ஒரு தூண் இடிக்கிறது. அதைக் கீழே எடுத்துவிட்டு, மாடியில் மட்டும் பீம் மேலிருந்து எழுப்பலாம், பீமை ஆழமாகப் போட்டால் போதும் என்கிறார் மேஸ்திரி. எனக்கு மனசு ஒப்பவில்லை. பாரம் ஸ்லாப், பீம், தூண், அஸ்திவாரம் என்று தடையில்லாமல் இறங்க வேண்டும். நடுவில் வழி மாறினால் நிலநடுக்கத்தில் அந்த இடம்தான் பலவீனம்.

மாடிச் சுவரை உள்ளே தள்ளி, கீழ்த்தூண் வரிசையிலேயே வைத்து, முன்பகுதியை மட்டும் கேன்டிலீவராக (வெளிமுனையில் தூண் இல்லாமல்) நீட்டினால் சரிவருமா? முக்கியக் கம்பி மேல்பக்கம் வர வேண்டும், உள்ளேயும் போதிய நீளம் ஓட வேண்டும் என்பது தெரியும். (மேஸ்திரிக்கும் தெரியும் என்று நம்புகிறேன்!) எவ்வளவு நீட்டினால் தொய்வு வராது? ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் என்னென்ன கேட்க வேண்டும்? கட்டிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.