ஸ்பிரே கன் தண்ணீர் துப்புகிறது, வேறு கன் வாங்கட்டுமா? (84 மாடல் பத்மினி, வீட்டிலேயே பெயிண்ட்)

அம்பை பியட்

எல்லோருக்கும் வணக்கம். அப்பா ஓட்டிய 1984 மாடல் பிரீமியர் பத்மினி அம்பாசமுத்திரத்தில் வீட்டு ஷெட்டில் பல வருஷமாக நின்றது. எஞ்சின் வேலை முடிந்துவிட்டது. அந்த 1089 சிசி இப்போது சாவி திருப்பினதும் பிடிக்கிறது. டின்கரிங், பட்டி, தேய்ப்பு, பிரைமர் எல்லாம் ஆயிற்று. பெயிண்டை மட்டும் நானே அடிக்க வேண்டும் என்று ஒரு ஆசை. ஆசை வந்த மாதம் ஐப்பசி.

பஞ்சர் கடை ஒன்றை மூடும்போது வாங்கிய 2 ஹெச்பி கம்ப்ரஸர், 100 லிட்டர் டேங்க். கன் புதிது, ஹெச்விஎல்பி (குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்று விடும் வகை), மேலே கப் உள்ளது, 1.4 மி.மீ. நாஸில். கம்ப்ரஸர் வாயிலேயே வாட்டர் டிராப்பும் (காற்றில் வரும் தண்ணீரைப் பிடிப்பது) ரெகுலேட்டரும் (அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது) மாட்டியிருக்கிறேன். அங்கிருந்து 15 மீட்டர் ஹோஸ். ஹோஸும் அந்தப் பஞ்சர் கடையிலிருந்து வந்ததுதான்.

நேற்று காயலான் கடையில் எடுத்த பழைய டிக்கி மூடியில் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடித்துப் பார்த்தேன். முதல் இரண்டு நிமிடம் பட்டுப்போல் விழுந்தது. அப்புறம் கன் தும்ம ஆரம்பித்தது. பெயிண்டுக்கு நடுவே பொட்டுப் பொட்டாகத் தண்ணீர். சில இடத்தில் மிளகளவுக்கு வட்டமாக பெயிண்ட் விலகி, அடியில் பிரைமர் தெரிகிறது. காய்ந்த பிறகு பாதி மூடி சாம்பல் பூசினதுபோல் வெளிறிவிட்டது. கடையில் கேட்டால் கன் சரியில்லை, விலை கூடினது வாங்கு என்கிறார்கள். வாங்கட்டுமா?

பேட்டை டூகோ

தம்பி, காசை எடுத்து உள்ளே வையுங்கள். உங்கள் கன் ஒரு தப்பும் செய்யவில்லை. விலை கூடின ஹெச்விஎல்பி இன்னும் அதிகமாகக் காற்று குடிக்கும், தும்மல் கூடத்தான் செய்யும்.

கன் வந்த டப்பாவைப் பாருங்கள், 10 முதல் 12 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) என்று போட்டிருக்கும். பழைய 2 ஹெச்பி கம்ப்ரஸர் நிஜமாகக் கொடுப்பது 6, 7 தான். டேங்கில் சேர்த்து வைத்த காற்று இருக்கும் வரை இரண்டு நிமிடம் நன்றாக அடித்தீர்கள். அது தீர்ந்ததும் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடியது, சூடானது, சூட்டோடு ஈரத்தையும் சேர்த்து அனுப்பியது. டிராப்பைக் கம்ப்ரஸர் வாயில் மாட்டியது இரண்டாவது தப்பு. அந்த மிளகு வட்டம் வேறு கதை, அது எண்ணெய் என்று நினைக்கிறேன்.

ஊகம் வேண்டாம், ஒரு காரியம் செய்யுங்கள். பெயிண்ட் ஊற்றாமல், ஹோஸ் முனையைச் சுத்தமான முகம் பார்க்கும் கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து ஒரு நிமிடம் காற்றை விடுங்கள். கம்ப்ரஸர் பத்து நிமிடமாவது ஓடிச் சூடான பிறகு செய்ய வேண்டும். கண்ணாடியில் என்ன ஒட்டுகிறது என்று சொல்லுங்கள். டேங்க் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகையும் திறந்து பாருங்கள்.

பாளை வாத்தியார்

டூகோ அண்ணாச்சி சொன்ன டிராப் விஷயத்துக்குக் கொஞ்சம் கணக்கு. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் ஈரத்தைத் தாங்கும். ஐப்பசியில் நம் ஆற்றங்கரைக் காற்றில் அதில் முக்கால் பங்குக்கு மேல் எப்போதும் இருக்கும். அந்தக் காற்றை எட்டில் ஒரு பங்காக நசுக்கி ஆறவிட்டால், தாங்க முடியாத ஈரம் தண்ணீராக விழுந்தாக வேண்டும். உங்கள் கம்ப்ரஸர் பத்து நிமிடத்தில் இரண்டு கன மீட்டர் இழுக்கும் என்றால் அதிலிருந்து 40 மில்லி வரை தண்ணீர் வரும். அரை டீ கிளாஸ்.

ஆனால் 'ஆறவிட்டால்' என்பதுதான் முக்கியம். கம்ப்ரஸர் வாயில் காற்று கொதிக்கக் கொதிக்க இருக்கிறது, ஈரம் ஆவியாகவே இருக்கும். டிராப் தண்ணீரைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. ஆவி அதைத் தாண்டிப் போய் உங்கள் 15 மீட்டர் ஹோஸில் ஆறி, கன் வாயில் தண்ணீராக வருகிறது.

வெளிறலும் ஈரம்தான், ஆனால் ஹோஸுக்குள் இருந்து வந்தது அல்ல. மண்பானைத் தண்ணீர் குளிர்வது போல, தின்னர் வேகமாகப் பறக்கும்போது பெயிண்ட் முகம் குளிர்ந்துவிடும். சுற்றிலும் உள்ள ஈரம் அதன்மேல் படிந்து வெண்மை தட்டுகிறது.

வள்ளியூர் வயரிங்

அப்போ நடுவில் இருபது அடி பிவிசி குழாய் போட்டு ஆறவிட்டால் செலவு கம்மி. வீட்டில் மிச்சக் குழாய் கிடக்கும்தானே?

பேட்டை டூகோ

ஐயா, பிவிசி வேண்டவே வேண்டாம். தண்ணீருக்கு அது சரி. அழுத்தக் காற்றில் அது ஒருநாள் வெடிக்கும், வெடித்தால் கண்ணாடிச் சில்லு மாதிரித் தெறிக்கும். ஜிஐ பைப் போடலாம். அதைவிடச் சுலபம், ஏசி மெக்கானிக்கிடம் அரை இஞ்ச் செம்புக் குழாய் ஒரு சுருள், 10 மீட்டர் போல வாங்கி, தண்ணீர் நிரப்பிய டிரம்மில் முக்கி வைப்பது. சூடான காற்று ஒரு முனையில் போய், மறுமுனையில் ஆறி வரும். டிராப்பை அதற்கப்புறம் மாட்ட வேண்டும், ரெகுலேட்டர் அதற்கும் பிறகு.

அம்பை பியட்

கண்ணாடிச் சோதனை செய்துவிட்டேன். முதலில் பனி பிடித்தது போல் மங்கியது, பிறகு துளிகள். துடைத்தால் விரலில் வழவழப்பு, வெளிச்சத்தில் வானவில் நிறம். டேங்க் அடித் திருகைத் திறக்கவே பைப் ரெஞ்ச் தேவைப்பட்டது. அப்புறம் ஆறிப்போன காபி நிறத்தில் ஒன்றரை லிட்டர் தண்ணீர், துரு வாடையோடு. பஞ்சர் கடைக்காரர் அதைத் திறந்ததே இல்லை போல.

பேட்டை டூகோ

நினைத்தேன். பிஸ்டன் ரிங் தேய்ந்து எண்ணெய் மேலே வருகிறது. டயருக்குக் காற்று அடிக்க அது போதும், பெயிண்டுக்கு ஆகாது. ரிங் மாற்றுங்கள். அந்த ஹோஸைத் தூக்கி எறியுங்கள். எண்ணெய் ஊறின ரப்பரை எதைக் கொண்டும் கழுவ முடியாது. புதிது வாங்கும்போது உள்விட்டம் 10 மி.மீ. கேளுங்கள், 8 மி.மீ.யில் அவ்வளவு தூரம் போனால் அழுத்தம் வழியிலேயே இறங்கிவிடும். ஒரு சின்ன அழுத்த கேஜைக் கன்னில் ஹோஸ் சேரும் இடத்தில் மாட்டி, டிரிக்கரை இழுத்துப் பிடித்தபடி 25, 30 பிஎஸ்ஐக்குள் வையுங்கள். டிரிக்கரை விட்டுவிட்டுப் பார்க்கும் கணக்கு பொய்க்கணக்கு.

புதுக் கன்னைக் கழற்றித் தின்னரில் கழுவினீர்களா? துருப் பிடிக்காமல் இருக்க உள்ளே எண்ணெய் தடவித்தான் அனுப்புவார்கள், மிளகு வட்டத்துக்கு அதுவும் காரணமாகலாம். ஆனால் முழுக் கன்னையும் ராத்திரி முழுக்கத் தின்னரில் ஊறப்போடாதீர்கள், பேக்கிங் உப்பிவிடும். ஏர் கேப் (கன் முகப்பில் காற்று வரும் மூடி) துளைகளைக் கம்பியால் குத்துவதும் கூடாது. தென்னை ஈர்க்கு போதும்.

பிறகு அட்டையில் ஒரு தடவை அடித்துப் பாருங்கள். நீளமான முட்டை வடிவம் விழ வேண்டும். வாழைப்பழம் மாதிரி வளைந்தால் ஏர் கேப்பை அரைச்சுற்று திருப்பி மறுபடி அடியுங்கள். வளைவும் திரும்பினால் அடைப்பு கேப்பில், திரும்பாவிட்டால் நாஸிலில். இதெல்லாம் சரியாக இருந்தும் தும்மினால் கப் மூடியில் உள்ள காற்றுத் துளையைப் பாருங்கள். அது அடைந்தால் ஆளையே பைத்தியமாக்கும்.

பனகுடி காற்றாடி

எல்லாம் சரி அண்ணாச்சி, மாதத்தை யாரும் கேட்கவில்லையே. மார்கழி முடியும் வரை கன்னைத் தொடாதீர்கள். நான் எங்கள் ஊரில் ஒரு அம்பாசடருக்கு ஆனியில் அடித்து, ராதாபுரம் செம்மண்ணை முழுசாக பானட்டில் ஒட்டவைத்தவன். மேல்காற்று ஆவணி வரை விடாது, அப்புறம் மழை. தை, மாசி, பங்குனிதான் நமக்கு. அதிலும் காலையில் பனி விலகின பிறகு, பத்து மணிக்கு மேல்.

சேரை நர்ஸ்

தம்பி, நண்பர்கள் யாராவது 2கே பெயிண்ட் (ஹார்டனர் கலந்து அடிப்பது) பளபளப்பு என்று சொன்னால் வீட்டில் அடிக்க வேண்டாம். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூக்கில் வாடை தெரியாத அளவிலேயே நுரையீரலைக் கெடுக்கும். ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் வாழ்நாள் முழுக்க ஆஸ்துமா. துணி மாஸ்க் எல்லாம் பேருக்குத்தான். வெளியிலிருந்து நல்ல காற்று வரும் முகமூடி இல்லாமல் அதைத் தொடக் கூடாது. என்சிக்கும் கார்பன் கேட்ரிட்ஜ் மாஸ்க் கட்டாயம் போடுங்கள். ஷெட் அடுப்படியை ஒட்டி இருந்தால் கேஸை மூடிவிடுங்கள், தின்னர் ஆவி தீயைத் தேடிப் போகும்.

வள்ளியூர் வயரிங்

பிவிசி விஷயத்தில் தோற்றேன், இதிலாவது கேளுங்கள். ஷெட்டுக்குள் டேபிள் ஃபேன் வைக்காதீர்கள், சுவிட்சில் ஒரு பொறி போதும். கம்ப்ரஸரை வெளியே வையுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரை நீட்டாமல் ஹோஸை நீட்டுங்கள். மெல்லிய வயரில் வோல்டேஜ் இறங்கி மோட்டார் முனகும், சூடாகும்.

அம்பை பியட்

எல்லோருக்கும் நன்றி, தாமதத்துக்கு மன்னிக்கவும். மழை முடிய வேண்டியிருந்தது.

ரிங் மாற்றியாயிற்று, புது ஹோஸ், செம்புச் சுருள் டிரம்மில். அம்மா அதைப் பார்த்து சாராயம் காய்ச்சுகிறாயா என்று கேட்டாள். கண்ணாடியில் இப்போது ஒன்றும் ஒட்டவில்லை, டிராப்பில் மட்டும் தண்ணீர் நிற்கிறது. கன்னை மாற்றவில்லை. ஒரு கதவு அடித்ததும் நிறுத்தி, டேங்க் நிரம்பும் வரை டீ குடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறேன்.

மாசியில் பானட், நான்கு கதவு முடிந்தன. வெளிறல் இல்லை, மிளகு இல்லை. இடது மட்கார்டில் விளக்குக்குக் கீழே மட்டும் கை ஒரு நொடி நின்று, மெழுகு வடிந்தது போல் இரண்டு அங்குலத்துக்கு ஓடிவிட்டது. அதை 1000 வாட்டர் பேப்பர் கொண்டு தேய்த்தால் போதுமா, 800ல் தொடங்கட்டுமா அண்ணாச்சி?

பேட்டை டூகோ

ஒரு வாரம் காய விடுங்கள். பிறகு 1000, சின்ன மரக்கட்டையில் சுற்றி, சோப்புத் தண்ணீர் தொட்டு. விரலால் தேய்த்தால் பள்ளம் விழும். இடது மட்கார்டு யார் கண்ணுக்கும் தெரியாது, உங்களைத் தவிர.