பாலக்காட்டு முட்டைக் கணக்கு: கடை, பேக்கரிச் செலவை எப்படி மதிப்பிடுவது?

வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில் வருடத்துக்கு எத்தனை முட்டை உற்பத்தியாகிறது, எத்தனை செலவாகிறது, நாமக்கல் பக்கமிருந்து எத்தனை வர வேண்டியிருக்கிறது என்று முதுகலை ஆய்வேட்டுக்காகக் கணக்கிடுகிறேன். அடுத்த மாதம் ஒப்படைக்க வேண்டும். கணக்கு பாதியில் நிற்கிறது.

உற்பத்திப் பக்கம் ஓரளவு சரி. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின் எண்ணிக்கையில் சேவல், குஞ்சு, கறிக்கோழியைக் கழித்துவிட்டு, நாட்டுக்கோழிக்கும் பண்ணை லேயருக்கும் (முட்டைக்காகவே வளர்க்கும் கோழி) தனித்தனி விகிதம் போட்டேன். லேயர் வருடத்துக்குச் சுமார் 300 முட்டை இடும். நாட்டுக்கோழி அதில் மூன்றில் ஒரு பங்குகூட இடாது.

சிக்கல் நுகர்வில்தான். 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் கேரளாவின் ஊரக, நகரச் சராசரிகளை எடுத்து, 2011 மக்கள்தொகையான 28 லட்சத்தோடு பெருக்கிப் பார்த்தேன். அதில் வீட்டுச் சமையல் முட்டைதான் வருகிறது. தட்டுக்கடை ஆம்லெட், பேக்கரி பஃப்ஸ், கேக் எதுவும் முட்டைக் கணக்கில் சேராது. ஒலவக்கோட்டில் ஒரு பேக்கரியின் பின்வாசலில் காலையில் முப்பது முட்டை கொள்ளும் அட்டைகள் இடுப்புயரத்துக்கு இருந்தன. மதியம் வெறும் அட்டைதான் மிச்சம். இதை விட்டுவிட்டு ஒரு எண்ணை எழுத மனம் வரவில்லை.

சரி, தமிழக எல்லையிலுள்ள வாளையார் வழியாக வரும் சரக்கைப் பார்க்கலாம் என்றால், முட்டைக்கு ஜிஎஸ்டி இல்லை, இ-வே பில்லும் (சரக்கு கொண்டுசெல்வதற்கான மின்னணுச் சீட்டு) தேவையில்லை; அதனால் அந்த வழியில் அளவு கிடைக்காது. மொத்த வியாபாரிகள் சொல்லும் அளவில் திருச்சூருக்குப் போவதும் கலந்திருக்கிறது.

கடை, பேக்கரிகளில் செலவாகும் முட்டையை மாவட்ட அளவில் மதிப்பிட, நீங்கள் கையாண்ட மாதிரிக் கணக்கெடுப்பு முறை ஏதாவது உண்டா?