பனையோலையில் கோஹீசின் மாடல்: ஒரு யோசனை சொல்லுங்களேன்

வணக்கம். காரைக்குடிப் பக்கம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். இரட்டித்த குரோமோசோம்களைச் செல் பிரியும்வரை சேர்த்துப் பிடித்திருக்கும் கோஹீசின் என்ற புரத வளையத்துக்கு ஒரு மாடல் செய்கிறேன். தெர்மாகோல் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. கொட்டான் முடையும் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் சாயம் போட்ட ஓலை வாங்கினேன்.

வளையத்தின் இரு பக்கமாக நிற்கும் எஸ்எம்சி1, எஸ்எம்சி3 புரதங்கள் இரண்டும் அழகாக வந்துவிட்டன. நீள ஓலையை நடுவில் மடித்து, இரு பாதியையும் முறுக்கினால் கை ரெடி (நிஜத்தில் சுமார் 50 நானோமீட்டர்). மடிப்புதான் கீல். நுனிகள் சேருமிடம், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைப் பிடிக்கும் தலை. அந்தப் புரதமும் இப்படித்தான் தன்மேலேயே மடிகிறது! இரண்டு கீலையும் கோத்து, கீழே ஆர்ஏடி21 என்ற இன்னொரு புரதத்தைப் பாலமாகக் கட்டினால் வளையம். பாலத்தின் ஒரு முனை எஸ்எம்சி3 கழுத்தில், மறுமுனை எஸ்எம்சி1 தலையில்.

சிக்கல் அந்தப் பாலம்தான். குரோமோசோம்கள் பிரியும் கட்டமான அனாஃபேஸில் செபரேஸ் என்ற நொதி அதை வெட்ட, வளையம் திறந்து, உள்ளே குரோமோசோம்களாக வைத்த கயிறுகள் விலக வேண்டும். நூலில் கட்டினேன்; வகுப்புக்கு வகுப்பு கத்தரித்துக் கட்டி விரல் போனதுதான் மிச்சம். காந்தம் வைத்தால் ஓலை விறைப்பில் தானாகவே விட்டுவிடுகிறது. வெட்டு பாலத்தின் நடுவில் விழ வேண்டும், முனையில் கழன்றால் தப்பு. முனையில் திறப்பது வாப்ல் புரதத்தின் வேலை, அது எஸ்எம்சி3 பக்கம்.

பிரஸ் பட்டன், வெல்க்ரோ, எது தாங்கும்? அப்புறம், வாப்ல் கதவையும் காட்டலாமா, பிள்ளைகள் குழம்புவார்களா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், வியாழக்கிழமை வகுப்பு.