சின்னக் குழந்தைகளும் வீட்டு வேலையும்: உங்கள் வீட்டில் எப்படி ஓடுகிறது?

இரண்டு வாலுகளின் அம்மா:

பெரியவனுக்கு நாலு வயது, சின்னவளுக்கு ஒன்றரை. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். "குழந்தை தூங்கும்போது வேலையை முடித்துவிடு" என்று பார்ப்பவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் தூங்கினால்தானே! அப்படியே தூங்கினாலும் நானும் கொஞ்சம் கண்ணை மூட வேண்டாமா? அதனால் அந்த அறிவுரையைத் தவிர, உங்கள் வீட்டில் உண்மையிலேயே நடப்பதைச் சொல்லுங்கள்.

முதலில் என் கதை. வேலைகளை இரண்டு வகையாகப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். செய்யாமல் விட்டால் மறுநாள் பெருகிவிடும் வேலை ஒரு வகை. விட்டாலும் அப்படியே கிடக்கும் வேலை இன்னொரு வகை. பாத்திரம், குப்பை, மெஷினில் இருக்கும் ஈரத்துணி, சாப்பிட்ட இடத்தைத் துடைப்பது எல்லாம் முதல் வகை. துணி மடிப்பது, அலமாரி அடுக்குவது, ஜன்னல் தூசி இரண்டாவது. மடிக்காத துணி ஒரு வாரம் நாற்காலியில் கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஈரத்துணி ஒரு ராத்திரி மெஷினுக்குள் கிடந்தால் வாடை வந்து, மறுபடி துவைக்க வேண்டியதுதான். கை ஓயாத நாட்களில் முதல் வகையோடு நிறுத்திக்கொள்கிறேன். படுக்கப் போகும் முன் சிங்க் காலியாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதம். காலையில் எழுந்ததும் பால் பாட்டில் கழுவ இடம் வேண்டும், அவ்வளவுதான் காரணம்.

இந்தக் கணக்குக்குள் அடங்காதது பொம்மைகள். எடுத்து வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் தரை முழுக்க மறுபடி பொம்மை. யாராவது வழி சொல்லுங்கள்.

அமைதி தேடி:

எடுத்து வைப்பதில் கெட்டிக்காரியாக வேண்டாம் தோழி. எடுத்து வைக்க வேண்டியதைக் குறைத்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் பிறந்தநாள் பரிசாக வந்தவை, அக்கா பிள்ளைகள் விளையாடிக் கழித்தவை எல்லாம் சேர்ந்து ஒரு மூலையையே அடைத்துக்கொண்டிருந்தன. பெரும்பாலானவற்றை அட்டைப்பெட்டியில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டேன். வெளியே நாலைந்துதான். என் மகனுக்கு அலுத்துவிட்டது என்று தெரிந்தால் ஒன்றை ஏற்றி, இன்னொன்றை இறக்குவேன். பரணிலிருந்து இறங்குவது எல்லாமே அவனுக்குப் புதுப் பொம்மைதான். கேட்டு அழுவான் என்று எதிர்பார்த்தேன். ஒரு சக்கரம் போன லாரியை மட்டும் கேட்டான், அதை உடனே இறக்கிக் கொடுத்தாயிற்று.

குழந்தைக்கு இருப்பதைப் பிடுங்கி வைக்கிறேன் என்று மாமியாருக்கு மனத்தாங்கல். அமெரிக்காவில் டொலிடோ பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு ஒன்றை அவருக்குப் படித்துக் காட்டினேன், 2018-ல் வெளியானது. ஒன்றரை முதல் இரண்டரை வயது வரையான 36 குழந்தைகளை ஒரு தடவை 4 பொம்மைகளோடும், இன்னொரு தடவை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டுப் பார்த்திருக்கிறார்கள். நாலே நாலு இருந்தபோதுதான் ஒவ்வொரு பொம்மையோடும் கூடுதல் நேரம் இருந்திருக்கிறார்கள், அதையே விதவிதமாக வைத்தும் விளையாடியிருக்கிறார்கள். மாமியார் சமாதானமாகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். பரணில் ஏறுவதற்கு ஸ்டூலைப் பிடித்துக்கொள்கிறார், அது போதும்.

பிள்ளைகளின் சாக்ஸையும் ஒரே நிறத்தில் வாங்கிவிட்டேன். ஜோடி தேடும் வேலை அதோடு போயிற்று.

இரவுப்பணி அப்பா:

எங்களுக்கு மூன்று வயதில் ஒரு மகள், கைக்குழந்தை ஒன்று. நாங்கள் வேலைகளைப் பாதிப் பாதியாகப் பிரிக்கவில்லை. ஒரு வேலையை எடுத்தால் தலை முதல் வால் வரை ஒருவருடையது என்று வைத்துக்கொண்டோம். துணி என் பொறுப்பு. துவைத்துக் காயப்போடுவதோடு முடிவதில்லை. சோப்புத்தூள் தீரப் போகிறதா, மகளுக்கு எந்தச் சட்டை பிடிக்காமல் போய்விட்டது, குளிருக்கு ஸ்வெட்டர் போதுமா என்று யோசிப்பதும் நான்தான். மனைவி அந்தப் பக்கம் மனத்தைத் திருப்பவே வேண்டாம். அதேபோல் தடுப்பூசித் தேதி, மருத்துவரிடம் போவது எல்லாம் அவர் பொறுப்பு. நான் போய் "இன்றைக்கா நாளைக்கா" என்று கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. கை வேலையைவிட நினைவில் வைத்திருக்கும் வேலைதான் ஆளை அதிகம் களைக்க வைக்கிறது என்பது எங்கள் இருவருக்குமே பட்ட பாடம்.

துணித் துறை என்னுடையது என்பதால் அதில் கொஞ்சம் சொல்கிறேன். பால், வாந்தி, ரத்தம் மாதிரியான கறைகளில் புரதம் இருக்கிறது. எடுத்ததும் வெந்நீரில் போட்டால் அது இறுகி நூலோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டு, பிறகு சோப்புக்குப் போங்கள். துணி நாப்பி பயன்படுத்துபவர்கள் அதற்கு மென்மையாக்கும் திரவம் ஊற்ற வேண்டாம். அது நூலின் மேல் படலமாகப் படிந்து, ஈரத்தை உறிஞ்ச விடாது. வீட்டில் யாருக்காவது வாந்தி, பேதி என்றால் அந்தப் படுக்கை விரிப்பையும் துண்டையும் தனியாக எடுத்து, துணி தாங்கும் என்றால் 60 டிகிரி சூட்டில் ஓட்டுகிறேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வாந்தி பேதியைப் பரப்பும் நோரோ வைரஸிடம் சானிடைசர் ஜெல் அவ்வளவாகச் செல்லாது.

தனியொருத்தி:

மேலே எழுதிய அண்ணா சொல்வதெல்லாம் சரி, பிரித்துக்கொள்ள இன்னொரு ஆள் இருந்தால். என் வீட்டில் இரட்டையர், இரண்டு வயது. பெரியவர் என்று நான் ஒருத்திதான். எனவே நான் கண்டுபிடித்ததெல்லாம் வேலை வராமல் தடுக்கும் வழிகள்.

மிகப் பிடித்தது படுக்கை. மெத்தைமேல் நனையாத விரிப்பு, அதன்மேல் துணி விரிப்பு, அதன்மேல் மறுபடி நனையாதது, மறுபடி துணி. நடுராத்திரி ஒருவன் நனைத்துவிட்டால் மேலே உள்ள இரண்டையும் உருவி மூலையில் போட்டுவிட்டு அப்படியே படுத்துவிடலாம். அரைத்தூக்கத்தில் அலமாரியைத் துழாவி விரிப்புத் தேடுபவர்கள் இன்றைக்கே செய்து பாருங்கள்.

அவர்கள் தொட்டியில் குளிக்கும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குளியலறைச் சுவரைப் பிரஷ்ஷால் தேய்த்துவிடுகிறேன். வெறும் தண்ணீர்தான், மருந்து எதுவும் கிடையாது. கையெட்டும் தூரத்தைவிட்டு நகர்வதும் இல்லை. போன் அடித்தால் அடித்துக்கொண்டிருக்கட்டும்.

ஒரு முறை உறவுக்காரப் பெண்மணி ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். வாசலிலேயே நின்று, "வீடு ஏன் இப்படிக் கிடக்கிறது?" என்றார். "கொஞ்சம் பிடியுங்கள் அத்தை, இதோ பெருக்கிவிடுகிறேன்" என்று ஒருவனை இடுப்பில் கொடுத்தேன். இன்னொருவன் அவர் காலைக் கட்டிக்கொண்டான். நான் துடைப்பத்தோடு சமையலறையைத் தாண்டுவதற்குள், "போதும் போதும், அப்புறம் பெருக்கலாம், இவனை வாங்கு" என்று குரல் வந்துவிட்டது. அதன் பிறகு வரும்போதெல்லாம் வந்ததும் தானாகவே பாத்திரம் கழுவ நிற்கிறார். குழந்தையை வைத்துக்கொள்வதைவிட அது சுலபம் என்று அவருக்குப் புரிந்திருக்கும்.

மழலையர் வகுப்பு ஆசிரியை:

குழந்தைகளை வேலையிலிருந்து தள்ளி வைப்பதைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். உள்ளே இழுத்துக்கொள்வதும் நடக்கும். ஒன்றரை வயதுக் குழந்தைக்கே உதவ வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது. ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டொமசெல்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட சோதனை இதைத்தான் காட்டியது. துணி காயப்போடும் ஆள் கிளிப்பைக் கீழே போட்டுவிட்டு எட்ட முடியாமல் திணறுவதுபோல் நடிக்கிறார். 18 மாதக் குழந்தை தவழ்ந்தோ நடந்தோ போய் எடுத்துக் கொடுக்கிறது. யாரும் கேட்கவும் இல்லை, பரிசும் இல்லை. 2008-ல் அதே இருவர் 20 மாதக் குழந்தைகளிடம் இன்னொன்றைப் பார்த்தார்கள். உதவியதற்குப் பொருளாகப் பரிசு பெற்ற குழந்தைகள், பிறகு பரிசு இல்லாதபோது மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவின. அதனால் "பொம்மையை எடுத்து வைத்தால் இது தருகிறேன்" என்ற பேரத்தை நான் வகுப்பில் வைத்துக்கொள்வதில்லை.

இரண்டு வயதில் சாக்ஸைக் கூடையில் போடுவார்கள், ஈரத்துணியை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் கொடுப்பார்கள். மூன்று, நாலு வயதில் மேசையைத் துடைப்பார்கள். "அறையைச் சுத்தம் செய்" என்றால் அந்த வயதுக்கு ஒன்றும் விளங்காது. "நீலக் கட்டையெல்லாம் இந்தப் பெட்டியில்" என்றால் விளங்கும்.

தனியொருத்தி:

டீச்சர், ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. இரண்டு பேர் மேசை துடைக்க "உதவினால்" மேசை, தரை, அவர்கள் சட்டை மூன்றையும் நான் துடைக்க வேண்டியிருக்கிறது. நேரம் இருக்கும் நாளில் விடுகிறேன். அவசரத்தில் முடியாது.

மழலையர் வகுப்பு ஆசிரியை:

கோபமே இல்லை. வகுப்பிலும் அதே கதைதான், எனக்கு அங்கே உதவிக்கு ஆயா இருக்கிறார்!

பேத்தியின் பாட்டி:

பிள்ளைகளே, எல்லாம் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். வீடு சுத்தமாக இல்லாததைவிட எனக்குப் பயமாக இருப்பது சுத்தம் செய்யும் சாமான்கள்தான். தரை துடைத்த வாளியைத் தண்ணீரோடு வைத்துவிட்டுக் காலிங்பெல்லுக்குப் போகாதீர்கள் கண்ணு. நடை பழகும் குழந்தைக்குத் தலைதான் கனம். குப்புற விழுந்தால் தானாக எழ முடியாது, 5 சென்டிமீட்டர் தண்ணீர்கூடப் போதும். வேலை முடிந்த கையோடு கொட்டிக் கவிழ்த்து வையுங்கள்.

கழிவறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சையும் ஒருநாளும் சேர்க்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூச்சுக்குழல் எரிந்துபோகும். அம்மோனியா உள்ள கண்ணாடித் துடைப்பானோடு பிளீச் சேர்ந்தாலும் விஷ வாயுதான். மீந்ததைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு, என் காலத்து ஆட்களிடம் ரொம்ப உண்டு. வந்த டப்பாவிலேயே, பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். கூட்டும்போது பட்டன் பேட்டரி ஏதாவது தரையில் கிடக்கிறதா என்றும் ஒரு கண் வையுங்கள். அதை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகும். பார்த்துக்கொண்டு காத்திருக்கவே கூடாது, நேராக மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இரண்டு வாலுகளின் அம்மா:

பாட்டிம்மா, படித்ததும் எழுந்து போய் வாளியைக் கவிழ்த்துவிட்டேன், நன்றி. பாதிப் பொம்மையும் பரணுக்குப் போய்விட்டது. பொம்மை குறைந்ததும் பெரியவன் கலைஞனாகிவிட்டான். கூடத்துச் சுவரில் ஒரு ஆள் உயரத்துக்குக் கிரேயான். துணித் துறை அமைச்சர் அண்ணா, சுவர் உங்கள் துறையில் வருமா?

இரவுப்பணி அப்பா:

வரும் சகோதரி. ஈரத்துணியில் கொஞ்சம் சமையல் சோடாவைத் தொட்டு, அழுத்தாமல் வட்டமாகத் தேயுங்கள். கிரேயான் என்பது நிறம் கலந்த மெழுகு, வெறும் தண்ணீருக்கு அசையாது. சோடாத் தூளின் சன்னமான துகள் அதைச் சுரண்டி எடுத்துவிடும். கடைசியில் நல்ல தண்ணீரில் துடையுங்கள். கடையில் கிடைக்கும் வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்சும் எடுக்கும். ஆனால் அதுவும் மெல்லிய உப்புத்தாள் மாதிரிதான், பளபளப்பான பெயின்டை மங்கலாக்கிவிடும். எதைப் போட்டாலும் முதலில் கண்ணில் படாத இடத்தில், கதவுக்குப் பின்னால் எங்காவது தேய்த்துப் பாருங்கள்.

இரண்டு வாலுகளின் அம்மா:

கதவுக்குப் பின்னாலும் வரைந்துதான் வைத்திருக்கிறான் அண்ணா. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.