14-ஆம் நாள் என்ற கணக்கும் என் 35 நாள் சுழற்சியும்

சகோதரிகளுக்கு வணக்கம். மாதவிடாய் வந்த 14-ஆம் நாள் முட்டை வெடிக்கும் (சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளிவரும்) என்று உறவினர்கள் சொன்னதை அப்படியே நம்பி, நானும் கணவரும் குழந்தைக்காக ஓராண்டு முழுவதும் 12 முதல் 15-ஆம் நாள் வரை மட்டுமே முயன்றுவந்தோம். எனக்கு 34, 35 நாள்களுக்கு ஒருமுறைதான் மாதவிடாய் வரும் என்பதை நாங்களும் பொருட்படுத்தவில்லை. அப்போது பார்த்த மருத்துவரும் கேட்கவில்லை.

அடுத்துப் பார்த்த மருத்துவர் முதலில் கேட்டது கடந்த ஆறு மாதத் தேதிகளைத்தான். சமையலறை நாட்காட்டியில் நான் வட்டமிட்டிருந்த தேதிகளை அவர் ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொரு மாதவிடாய்க்கும் முன்னால் 14 நாள்களைக் கழித்துக் காட்டினார். அந்த 14 அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டியது, அதுவும் தோராயமானது என்பதை அன்றுதான் அறிந்தேன். எனக்கு அது 20 அல்லது 21-ஆம் நாளில் விழுந்தது. வெளிவந்த முட்டை 12 முதல் 24 மணி நேரமே உயிரோடிருக்கும். விந்தணுவோ ஐந்து நாள் வரை தாங்கக்கூடும் என்பதால், முட்டை வெடிப்பதற்கு முந்தைய நாள்களே முக்கியம் என்றார்.

அந்த மாதம் ஸ்கேன் எடுத்தபோது 12-ஆம் நாள் 9 மி.மீ. இருந்த, சினைப்பைக்குள் முட்டை வளரும் சிறு நீர்ப்பை, 16-ஆம் நாள் 13 ஆகவும் 19-ஆம் நாள் 19 ஆகவும் வளர்ந்து, 22-ஆம் நாள் காணாமல் போயிருந்தது. அது இருந்த இடத்தருகே சிறிது நீர் மட்டும் தெரிந்தது. அதே நாள்களில் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல, விரல்களுக்கிடையே நூலாக நீளும் கசிவும் இருந்தது. முன்பெல்லாம் அதை வெள்ளைப்படுதல் நோய் என்று எண்ணிப் பயந்திருக்கிறேன். இப்போது நினைத்தால் மனம் கனக்கிறது.

காலையில் எழுந்தவுடன், படுக்கையை விட்டு இறங்குமுன் உடல் வெப்பத்தையும் குறித்துவந்தேன். 97.4 டிகிரி அளவில் இருந்தது 98-ஐ ஒட்டி உயர்ந்து அங்கேயே நின்றது. ஆனால் முட்டை வெளிவந்த பிறகே வெப்பம் உயரும் என்பதால், அது நடந்ததை உறுதிசெய்யுமே தவிர, முன்கூட்டிச் சொல்லாது.

மற்றொரு உறுப்பினர்:

தோழி எழுதியதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். எனக்கு பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருக்கிறது. முட்டை வெடிக்கத் தூண்டும் எல்.ஹெச். என்ற ஹார்மோனைச் சிறுநீரில் காட்டும், மருந்துக்கடையில் வாங்கிய பட்டையில் இரண்டாவது கோடு அழுத்தமாக விழுந்தால், அடுத்த 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெடிக்கும் என்று படித்திருந்தேன். எனக்கோ ஐந்தாறு நாள்கள் தொடர்ந்து அழுத்தமான கோடே வந்ததால், ஒவ்வொரு முறையும் நம்பி ஏமாந்தேன். பிசிஓஎஸ் உள்ள சிலருக்கு அந்த ஹார்மோனே எப்போதும் கூடுதலாக இருக்கும் என்று மருத்துவர் விளக்கினார். மாதவிடாய் வந்தாலே முட்டை வெடித்துவிட்டது என்று நினைத்திருந்ததும் தவறு. முட்டை வெளிவராமலும் உதிரப்போக்கு வரலாம்.

அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ ஏழு நாள்களுக்கு முன் எடுக்கும் புரோஜெஸ்டிரோன் (முட்டை வெளிவந்தபின் கூடும் ஹார்மோன்) இரத்தப் பரிசோதனைதான் எனக்குத் தெளிவு தந்தது. ஒரு மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெளிவந்ததாகக் கொள்வார்கள், எனக்கு 1.2 தான் இருந்தது. முட்டை வளரத் தூண்டும் லெட்ரோசோல் மாத்திரையை மருத்துவர் சொன்னபடி ஐந்து நாள் எடுத்த மாதத்தில் அது 11 ஆக வந்தது. வயது 35-ஐக் கடந்தவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். மாதவிடாய் ஒழுங்காக வராதவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை.