முகவரியைக் கேட்டதும் முகம் மாறுவது ஏன்?

கேள்வி (வியாசர்பாடி வாசகர்):

வணக்கம். நான் வடசென்னையின் வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்த வணிகவியல் பட்டதாரி. சென்ற மாதம் ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வில், என் மதிப்பெண்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் முகவரி வரியில் நின்றார். "அந்தப் பக்கம் ராத்திரியில வண்டி ஓட்டவே பயமா இருக்குமே, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். வேறு கேள்வி எதுவும் வரவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் 'பெரம்பூர்' என்றுதான் சொல்கிறேன். வீட்டில் 'இன்னா' என்பவன், வெளியே 'என்ன' என்று கவனமாக உச்சரிக்கிறேன்.

பதினேழு வயதான என் தம்பியோ இதற்கு நேர்மாறானவன். "எப்படியும் நம்மள அப்படித்தானே நினைக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு, முனையில் நிற்கும் கூட்டத்தோடு நின்று, அவர்களைப் போலவே நடக்கவும் முறைக்கவும் பழகிக்கொண்டிருக்கிறான். ஒரே வீட்டில் ஒரே சோற்றைத் தின்று வளர்ந்தவர்களில் ஒருவன் ஊரை மறைக்கிறான், மற்றவன் ஊரார் ஒட்டிய பெயரையே சூடிக்கொள்கிறான். சமூகவியல் அறிந்தவர்கள் இதை எப்படி விளக்குவீர்கள்?

பதில் 1 (ஓய்வுபெற்ற ஆசிரியர், தண்டையார்பேட்டை):

தம்பி, நீங்கள் இருவரும் ஒரே முத்திரைக்குத்தான் இரண்டு விதமாகப் பதில் சொல்கிறீர்கள். ஒரு செயலின் இயல்பினால் மட்டும் அது பிறழ்வு (சமூக விதியை மீறிய நடத்தை) ஆகிவிடுவதில்லை, விதியை வகுப்பவர்கள் யார்மீது அதைப் பொருத்துகிறார்கள் என்பதே அதைப் பிறழ்வாக்குகிறது என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ஹோவர்டு பெக்கர் 1963இல் எழுதினார். அவருக்கு முன்பே, 1951இல், இன்னொரு சமூகவியலாளரான எட்வின் லெமர்ட் இதை இரண்டு கட்டங்களாகப் பிரித்திருந்தார். முதலில் யாரும் செய்யக்கூடிய சிறு மீறல் நிகழ்கிறது. ஊர் அதைப் பிடித்துக்கொண்டு பெயர் சூட்டிய பின், அந்தப் பெயரைச் சுற்றியே ஒருவன் தன்னைக் கட்டிக்கொள்வது இரண்டாவது கட்டம். உங்கள் தம்பி அந்த வாசலில் நிற்கிறான் என்பதே என் கவலை.

பிறப்பை வைத்தே முத்திரை குத்திய சட்டமும் நம் மண்ணில் இருந்தது. 1871இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிக்கப்பட்டது. குற்றம் செய்யாதவரும், இன்ன சாதியில் பிறந்தார் என்பதற்காகவே, காவல் நிலையத்தில் ரேகை வைத்துவிட்டு வர வேண்டியிருந்தது. 1947இல் சென்னை மாகாணத்திலும் 1952இல் நாடு முழுவதிலும் அது நீக்கப்பட்டது. ஆனால் ஒரு தெருவின் பெயரைக் கேட்டதும் அங்கே வாழ்பவரின் குணத்தைத் தீர்மானித்துவிடும் பழக்கத்தை எந்தச் சட்டத் திருத்தமும் நீக்கவில்லை.

பதில் 2 (மில் தொழிலாளியின் மகள், பெரம்பூர்):

ஐயா சொன்னதோடு வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். என் அப்பா பக்கிங்காம் கர்நாடிக் மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தார். அதிகாலைச் சங்கு ஊதுவதற்கு முன்பே, முந்திய இரவு மடித்து வைத்த காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். கடைக்காரர் கடன் கொடுத்ததும், பெண் கொடுத்ததும் 'மில்லுக்காரர்' என்ற பெயருக்குத்தான். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய மண் இது. அந்தப் பெயருக்குப் பின்னால் அவ்வளவு மரியாதை இருந்தது. 1996இல் மில் மூடப்பட்டபோது சம்பளத்தோடு அந்தப் பெயரும் போய்விட்டது. அதன் பிறகும் சில மாதங்கள் அப்பா அதே நேரத்தில் எழுந்து சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

எல்லாரும் அடைய வேண்டியவை இவை என்று சமூகம் சொல்கிறது, அடையும் வழியைச் சிலருக்கு அடைக்கிறது, அந்த இடைவெளியில்தான் பிறழ்வு முளைக்கிறது என்று சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1938இல் விளக்கினார். எங்கள் தெருவில் மில்லுக்குப் பின் வளர்ந்த பையன்களைப் பார்த்தவளுக்கு இதற்கு வேறு சான்று தேவையில்லை.

பதில் 3 (காசிமேடு வாசகர்):

இருவர் சொன்னதையும் ஏற்கிறேன், ஆனால் வெளியார் மட்டுமே நம்மை வடிக்கிறார்கள் என்பதை ஏற்க மாட்டேன். நம் தெருவுக்கும் சட்டம் உண்டு. அடி வாங்கியவன் திருப்பி அடிக்காவிட்டால் 'கெத்து' போய்விடும், பாடப் புத்தகத்தோடு திரிபவன் கேலிக்கு ஆளாவான். உலகம் பிறழ்வு என்று சொல்வது முனையில் நிற்கும் கூட்டத்துக்குள் ஒழுங்கு. தம்பி விதியை மீறவில்லை, வேறொரு விதிக்கு அடங்கிப் போகிறான்.

உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் நடத்திய சோதனையில், கோடுகளின் நீளத்தைப் பற்றிக் கூட்டம் வேண்டுமென்றே தவறாகச் சொன்னபோது, கண்ணால் கண்டதை விட்டுவிட்டு நான்கில் மூவர் ஒருமுறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தவறாகச் சொன்னார்கள். அதே அறையில் ஒரே ஒருவர் சரியாகச் சொல்லிவிட்டால் அந்தப் பணிவு வெகுவாகக் குறைந்தது. எனக்கு அதுதான் முக்கியம். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா நம் வடசென்னைப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். அவருக்குக் கேரம் பலகை இருந்ததைப்போல, உங்கள் தம்பிக்கும் ஒரு பலகையும் எதிரே உட்கார ஓர் ஆளும் வேண்டும். எங்கள் தெருவில் மாலை ஆறு மணிக்குப் பலகை போடுவோம், அழைத்து வாருங்கள்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை அழைத்து வருகிறேன். வர மாட்டேன் என்பான், ஆனால் கேரம் என்றால் கை துறுதுறுக்கும். எதிரே உட்காரும் ஆளாக நானும் இருக்கலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் ஊரையே மறைத்துக்கொண்டு திரியும் அண்ணன் சொன்னால் அவன் எப்படிக் கேட்பான்? அடுத்த விண்ணப்பத்தில் வியாசர்பாடி என்றே எழுதுகிறேன்.