எக்ஸ்-பிளேன் 12: இலவச ஆட்-ஆன் போட்டுப் போட்டு திருச்சி ஏர்போர்ட்டைக் கெடுத்துவிட்டேன். எதை வைக்க, எதைத் தூக்க?

லால்குடி_லேண்டிங்:

எல்லாருக்கும் வணக்கம். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் எக்ஸ்-பிளேன் 12 சிமுலேட்டர் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. லேப்டாப் சுமார்தான்: 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு, அதில் 4 ஜிபி விரேம் (கார்டின் சொந்த நினைவகம்). ஜாய்ஸ்டிக் செகண்ட் ஹேண்ட்.

என் ஆசை ஒன்றே ஒன்று. அப்பா இருபத்து மூன்று வருஷம் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். 2017-இல் ஊரோடு வந்துவிட்டார். அதற்கு முன்னால் ஒவ்வொரு தடவை அவர் லீவில் வரும்போதும் நானும் அம்மாவும் திருச்சி ஏர்போர்ட் வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்டில் கிளம்பி, நாலு மணி நேரம் ஓட்டி, திருச்சியில் ஒரு 737-ஐ இறக்கி அவரிடம் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

இதற்காகக் கண்ணில் பட்ட இலவச ஆட்-ஆன் எல்லாவற்றையும் இறக்கினேன். ஐந்து விமானம், திருச்சிக்கே இரண்டு ஸீனரி (ஏர்போர்ட்டின் கட்டிடம், தரை எல்லாம்), சாங்கிக்கு ஒன்று, ஆர்த்தோ (தரையில் ஒட்டும் வான்படம்) ஒரு டைல், எதற்கென்றே தெரியாத லைப்ரரி (ஸீனரிகள் பொதுவாகப் பயன்படுத்தும் பொருள்களின் தொகுப்பு) ஏழெட்டு. இப்போது லோட் ஆக பதினோரு நிமிஷம் ஆகிறது. நடுவில் ஏதோ ஸீனரி சரியாக லோட் ஆகவில்லை என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. விமானங்கள் நிற்க வேண்டிய ஏப்ரனில் மரம், அதுவும் நம் ஊர் வேப்பமரம் மாதிரி செழிப்பாக. டெர்மினல் மேல் இன்னொரு டெர்மினல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இரண்டுமே பழசு, புது டெர்மினலைக் காணோம்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து வரட்டுமா? இலவசம் என்றாலே வைரஸ்தான் என்கிறான் ரூம்மேட். அப்படியா?

மேகமூட்டம்:

பேசாமல் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் பக்கம் வந்துவிடு நண்பா. ஃப்ளைபைவயர் ஏ32என்எக்ஸ் என்று ஏ320நியோ விமானம் ஒன்று இருக்கிறது. 2020-இல் சிமுலேட்டர் வெளிவந்த கையோடு ஆர்வலர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. ஓப்பன் சோர்ஸ், பைசா கிடையாது. அவர்களே ஏ380-ஐயும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஸீனரி வரிசை, அதை எழுதி வைக்கும் ஐஎன்ஐ ஃபைல் என்று எந்தத் தலைவலியும் இல்லை. கம்யூனிட்டி என்ற ஃபோல்டரில் போட்டால் முடிந்தது. ஜிப்பைப் பிரிக்கும்போது ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய்விடாமல் மட்டும் பார்த்துக்கொள். மேனிஃபெஸ்ட் ஃபைல் முதல் அடுக்கிலேயே தெரிய வேண்டும். இது தெரியாமல் நான் ஒரு சனிக்கிழமையைத் தொலைத்தேன். எக்ஸ்பாக்ஸ் வாங்கி மாட்டிக்கொள்ளாதே, அதில் கம்யூனிட்டி ஃபோல்டரே கிடையாது.

லால்குடி_லேண்டிங்:

நன்றி ப்ரோ, ஆனால் 1650-இல் அது படம் காட்டும், ஓடாது. எக்ஸ்-பிளேனுக்கே இரண்டு மாதச் சேமிப்பு போய்விட்டது.

பொன்மலை_பழசு:

தம்பி, எதையும் அழிக்காதே. மரம் முளைத்ததற்கு ஒரு காரணம், டெர்மினல் ஏறி உட்கார்ந்ததற்கு வேறு காரணம். இரண்டையும் அரை மணி நேரத்தில் சரி பண்ணிவிடலாம்.

கஸ்டம் ஸீனரி ஃபோல்டருக்குள் ஸீனரி_பேக்ஸ்.ஐஎன்ஐ என்று ஒரு சின்ன ஃபைல் கிடக்கும். நோட்பேடில் திற. நீ போட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இருக்கும். மேலே இருக்கிற வரிக்குத்தான் அதிகாரம். புதிதாக எதைப் போட்டாலும் எக்ஸ்-பிளேன் அதைப் பட்டியலின் உச்சியில் கொண்டுபோய் வைத்துவிடும், அது ஏர்போர்ட்டா காடா என்றெல்லாம் பார்க்காது. நீ திருச்சியைப் போட்டுவிட்டு அதன் பிறகு ஆர்த்தோவின் ஓவர்லேயை (படத்தின் மேல் சாலை, மரம் எல்லாம் வைக்கும் அடுக்கு) போட்டிருப்பாய். ஏர்போர்ட் செய்த மனிதர் "இந்த எல்லைக்குள் மரம் கூடாது" என்று கட்டம் கட்டித்தான் வைத்திருப்பார். அந்த உத்தரவு அவருக்குக் கீழே இருப்பவர்களிடம்தான் செல்லும். மரம் நடுகிற ஓவர்லே அவர் தலைக்கு மேல் உட்கார்ந்திருந்தால் அவர் பேச்சை யார் கேட்பது? ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவன், எனக்கு இது சுலபமாகப் புரிந்தது.

ஆகவே ஏர்போர்ட்டுகளை மேலே ஏற்று. அதன் கீழ் எக்ஸ்-பிளேனோடு வரும் ஏர்போர்ட்டுகளைக் குறிக்கும் குளோபல் ஏர்போர்ட்ஸ் என்ற வரி வரட்டும். லைப்ரரிகள் எங்கே கிடந்தாலும் ஒன்றும் கெடாது. அப்புறம் ஓவர்லே, எல்லாவற்றுக்கும் அடியில் ஆர்த்தோ டைல். ஆர்த்தோ ஃபோல்டர்களின் பெயர் இஸட் எழுத்தில் தொடங்குவதே அகரவரிசையில் கடைசிக்குப் போகட்டும் என்றுதான்.

இரட்டை டெர்மினல் ஏன் என்று நீயே சொல்லிவிட்டாய், இரண்டு திருச்சி போட்டிருக்கிறாய். ஒன்றின் வரியில் ஸீனரி_பேக் என்பதை ஸீனரி_பேக்_டிஸேபிள்ட் என்று மாற்று. ஃபைல் அப்படியே இருக்கும், லோட் ஆகாது. இரண்டில் எதை வைப்பது என்றால், சுற்றுச்சுவர் இருப்பதை வை. 2018 அக்டோபரில் துபாய்க்குக் கிளம்பிய ஒரு 737 அந்தச் சுவரை இடித்துக்கொண்டு ஏறி, கடைசியில் மும்பையில் போய் இறங்கியது ஞாபகம் இருக்கும். சுவரைக்கூட விடாமல் வைத்தவர் மற்றதையும் பார்த்துத்தான் வைத்திருப்பார் என்பது என் கணக்கு.

புது டெர்மினல் திறப்பு விழா கண்டது 2024 ஜனவரியில், பயணிகள் உள்ளே போனது ஜூனில். நீ இறக்கிய ஸீனரியின் ரீட்மீயில் தேதியைப் பார், அதற்கு முந்தியதாக இருக்கும். ஆனால் ஒன்று கேட்கிறேன். உன் அப்பா 2017-இல் வந்து இறங்கியது எந்த டெர்மினல்? அப்புறம் புதுசு எதற்கு உனக்கு?

அந்தப் பெட்டிக்கு லாக்.டெக்ஸ்ட்டில் விடை இருக்கும். எந்த லைப்ரரி இல்லை என்று பெயரோடு எழுதியிருக்கும். அதை மட்டும் இறக்கு. பார்க்கிற லைப்ரரியை எல்லாம் இறக்கியதில்தான் உன் பதினோரு நிமிஷத்தில் பாதி போயிருக்கும்.

விமானத்துக்கு ஸிபோ என்ற இலவச 737 ஒன்று போதும். எக்ஸ்-பிளேனோடு வருகிற 737-800-ஐ எடுத்து, எஃப்எம்சி (வழியைக் கணக்கிடும் விமானக் கம்ப்யூட்டர்) முதல் மேலே இருக்கும் ஒவ்வொரு சுவிட்ச் வரை திருத்தி எழுதிவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கியவற்றை அதற்குப் பக்கத்தில் வைத்தால் சிலது வெட்கப்படும். அடிக்கடி அப்டேட் வரும், உன் எக்ஸ்-பிளேன் பதிப்புக்கு உரியதைத்தான் எடுக்க வேண்டும். பழைய 737-இன் மேல் கொட்டிவிடாதே, தனி ஃபோல்டராக இருக்கட்டும். 4 ஜிபி விரேமுக்கு டெக்ஸ்ச்சரை ஒரு படி இறக்கி வை. மற்ற நான்கு விமானத்தையும் இந்த மாதம் தொடாதே.

இனி ஆர்த்தோ. ஆர்த்தோ டைல் செய்யும் ஆர்த்தோ4எக்ஸ்பி என்ற நிரல் உலகத்தை ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி சதுரமாக வெட்டுகிறது. திருச்சி +10+078, அதாவது 10 டிகிரி வடக்கு, 78 டிகிரி கிழக்கு. நீ சிங்கப்பூரிலிருந்து கிழக்கு வழியாகத்தான் வருவாய், மேற்கு நோக்கிய 27-ஆம் ரன்வேயில் இறங்குவாய். தஞ்சாவூர் +10+079. அந்த டைல் இல்லாவிட்டால் பூதலூர் பக்கம், ரன்வேக்கு ஏறக்குறைய 17 நாட்டிக்கல் மைல் முன்னால், தரை கத்தியால் வெட்டியது போல நிறம் மாறும். ஸூம் லெவல் (படத்தின் நுணுக்கம்) 16-இலேயே செய். ஒரு படி ஏற்றினால் இடம் நாலு மடங்கு கேட்கும். நான் பேராசைப்பட்டு 18-இல் ஒரு டைல் போட்டேன், இரவெல்லாம் இறங்கியது. காலையில் பார்த்தால் டிஸ்க்கில் மூச்சுவிட இடமில்லை, காவிரியில் பாலத்துக்கு மேற்கே தண்ணீர், கிழக்கே வெறும் மணல். இரண்டு படமும் வேறு வேறு மாதத்தில் எடுத்தது.

ஆர்த்தோவில் இன்னொரு ஏமாற்றமும் உண்டு. படம் தரையில் ஒட்டிய படம்தான். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி. ஆர்த்தோவில் அது தெருவில் விழுந்து கிடக்கும் ஒரு நிழல். 1987-இல் கும்பாபிஷேகக் கூட்டத்தில் நசுங்கியவன் நான், என்னால் அதைப் பொறுக்க முடியவில்லை. ரிட்டயர் ஆன வருஷம் பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் கற்றுக்கொண்டேன். முதலில் சிற்பம் சிற்பமாகச் செதுக்கப் பார்த்து, மூன்றாவது நிலையிலேயே கம்ப்யூட்டர் திணறியது. பேரன் பார்த்துவிட்டு, "தாத்தா, ஃப்ளைட்லருந்து யாரு பொம்மைய எண்ணப் போறா?" என்றான். அதன் பிறகு பதின்மூன்று நிலைக்கும் பதின்மூன்று பெட்டி, ஒவ்வொன்றும் கீழே இருப்பதைவிடக் கொஞ்சம் சின்னது, நாலு பக்கமும் நானே எடுத்த போட்டோ. தெற்குப் பக்கம் சுலபமாகக் கிடைத்தது. மற்ற பக்கங்களுக்கு ஒரு லாட்ஜ் மாடியில் கெஞ்சி ஏறினேன். மேலே பதின்மூன்று கலசம் மட்டும் நிஜமாகவே உருட்டி வைத்திருக்கிறேன். 27-க்கு வரும்போது வலது பக்க ஜன்னலில் தூரத்தில் தெரியும். ஜிப்பை இணைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்.

ஆசை வந்தால் ஏர்போர்ட்டை நீயும் திருத்தலாம். அதற்கான வேர்ல்ட்எடிட்டர் நிரல் இலவசம். கூடவே வரும் பொருள்களை மட்டும் வைத்துச் செய்து எக்ஸ்-பிளேனின் ஸீனரி கேட்வே தளத்தில் ஏற்றினால், அங்கே சரிபார்த்து எக்ஸ்-பிளேனிலேயே சேர்ப்பார்கள். என் கோபுரம் அதில் போகாது, சொந்தமாகச் செய்த மாடலுக்கு அங்கே இடமில்லை.

ஹேங்கர்_சாவி:

வைரஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. இலவசமா காசா என்பதைப் பார்க்காதீர்கள், எங்கிருந்து இறக்குகிறீர்கள் என்று பாருங்கள். 2018-இல் கடவுச்சொல் திருடும் நிரல் ஒன்று சிக்கியதே, அது காசு கொடுத்து வாங்கும் ஒரு விமானத்தின் இன்ஸ்டாலரில்தான் இருந்தது. ஸீனரி என்றால் உள்ளே படமும் ஆப்ஜெக்ட்டும் டெக்ஸ்ட் ஃபைலும்தான் இருக்க வேண்டும். எக்ஸே (ஓட்டக்கூடிய நிரல் ஃபைல்) ஒன்று எட்டிப் பார்த்தால் நான் அப்படியே மூடிவிடுவேன். காசு விமானத்தை "இலவசமாக" தருகிறேன் என்பவரிடம் போகவே வேண்டாம்.

இன்னொன்று: இறக்கிய ஜிப்பை அழிக்காதீர்கள். 2009 மே மாதம், சிமுலேட்டர் ஆட்-ஆன்கள் கிடைக்கும் அவ்சிம் தளத்தை ஹேக் செய்தபோது, மெயின் சர்வரும் அதற்கு பேக்கப்பாக இருந்த சர்வரும் சேர்ந்தே போயின. வருஷக்கணக்கில் ஜனங்கள் செய்து ஏற்றியவை. அப்படி ஒரு நாள் வந்தால், நம் வீட்டு டிஸ்க்கில் தூங்கும் ஜிப்தான் கைகொடுக்கும்.

பழைய டெர்மினல் பற்றிப் பெரியவர் கேட்டதுதான் எனக்குப் பிடித்தது. என் டிஸ்க்கில் இன்றும் ஹாங்காங் கை டாக் இருக்கிறது. நிஜத்தில் 1998 ஜூலை 6-ஆம் தேதி மூடிவிட்டார்கள், ரன்வே முனையில் இப்போது சொகுசுக் கப்பல் நிற்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் செய்த ஸீனரியில், விமானிகளுக்கு அடையாளமாக மலைமேல் வரைந்த அந்தச் சிவப்பு வெள்ளைக் கட்டமும் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே போய், வலது பக்கம் 47 டிகிரி ஒடித்து, குடியிருப்புகளின் தலைமேல் 13-ஆம் ரன்வேயில் இறங்கணும். இதுவரை ஒழுங்காக இறங்கியது இரண்டு தடவை. மீதி எல்லாம் துறைமுகத்துக்குள்.

லால்குடி_லேண்டிங்:

ஐயா, வேலை முடிந்தது! வரிசையை மாற்றியதும் மரம் எல்லாம் போய்விட்டது. லைப்ரரி மூன்றுதான் தேவைப்பட்டது. லோடிங் நாலு நிமிஷத்துக்கு வந்துவிட்டது. சுவர் இருக்கும் திருச்சியைத்தான் வைத்தேன். ஆர்த்தோவை இப்போதைக்கு அணைத்திருக்கிறேன், எஃப்பிஎஸ் (படம் ஓடும் வேகம்) தாங்கவில்லை.

நேற்று ராத்திரி சாங்கியில் கிளம்பினேன். கடல் மேல் பாதித் தூக்கம். 27-இல் இறக்கியபோது ரன்வேயில் கால்வாசி தாண்டித்தான் சக்கரம் பட்டது, நின்றுவிட்டது என்பதே போதும். அப்பா பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து கடைசி அரை மணி பார்த்தார். டெர்மினலைப் பார்த்ததும் கிட்டே வந்து, "வெளிய கம்பி இருக்குமே, அது எங்கடா?" என்றார். அது ஸீனரியில் இல்லை.

ஒரு சின்ன விஷயம், தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் ராஜகோபுரம் தரையில் நிற்கவில்லை. அந்தரத்தில் மிதக்கிறது, அடியில் ஒரு லாரி போகலாம்.

பொன்மலை_பழசு:

மிதக்கிறதா! அது என் தப்புதான் தம்பி. என் கம்ப்யூட்டரில் ஆர்த்தோ தரை, உன்னுடையதில் எக்ஸ்-பிளேனின் சொந்தத் தரை. இரண்டுக்கும் உயரம் ஒன்றாக இருக்காது. கோபுரத்தைத் தரையோடு ஒட்டும்படி வைக்காமல், கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எண் கொடுத்துத் தொலைத்திருக்கிறேன். இரண்டு வருஷமாக அந்த ஜிப் இங்கே கிடக்கிறது, நாற்பது பேராவது எடுத்திருப்பார்கள், ஒருவரும் சொல்லவில்லை பார். ஞாயிற்றுக்கிழமை மாற்றிப் போடுகிறேன்.

கம்பியையும் அதோடு வைத்துவிடலாம், வேலியும் கைப்பிடியும் லைப்ரரியிலேயே இருக்கிறது. வெளியே வருகிற கதவுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு நீளம், என்ன நிறம் என்று அப்பாவைக் கேட்டு எழுது. அம்மாவையும் கேள், நின்றது அவர்தானே.